மாடி ஏறி வந்தவர்கள்

நான் வேலை பார்க்கும் கிளினிக் திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. படிகள் செங்குத்து. கைப்பிடிக் கம்பி பாதியிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் நோயாளிகள் கடவுளைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று கட்டியவர் நினைத்திருக்கலாம். மூட்டுவலிக்காரர்கள் ஏறி வந்து சேரும்போது, வீட்டிலிருந்து கிளம்பிய வலியோடு படிகளின் வலியும் சேர்ந்திருக்கும். பெரிய டாக்டர் ஒரு ஊசி போட்டு, பெஞ்சில் செத்த நேரம் உட்காரச் சொல்வார். வலி குறையும். ஊசியால் குறைந்ததா, உட்கார்ந்ததால் குறைந்ததா என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"குறைஞ்சுச்சா இல்லையா, தம்பி?"

"குறைஞ்சுச்சு சார்."

"அப்புறம் என்ன?"

கிளினிக் அவருடையது. நான் அவருக்கு அடுத்த அறையில் உட்காரும் சின்ன டாக்டர். அவருடைய எல்லா வாக்கியங்களும் 'என் அனுபவத்துல' என்று ஆரம்பிக்கும். என்னுடையவை 'ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னா' என்று ஆரம்பிக்கும். கூட்டம் எந்த அறை வாசலில் நின்றது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருநாள் சளியோடு வந்தவரிடம், இதற்கு ஊசி தேவையில்லை, இந்த வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும் என்றேன். "தானா சரியாப் போறதுக்கு நான் எதுக்கு டாக்டரு மாடி ஏறணும்?" என்று கேட்டுவிட்டு, நேராகப் பெரிய டாக்டரின் வரிசையில் போய் நின்றார். ஊசி போட்டுக்கொண்டார். நான் சொன்ன அதே வாரத்தில் சரியானார். சரியானதும் கீழே பாத்திரக் கடையில் நின்று, சின்ன டாக்டருக்கு இன்னும் படிப்பு முடியவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் படிக்க நுழைந்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்னால் போயிருக்கிறார்கள், ஓட்டுப் போட. அதனால் அச்சடித்த எழுத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பக்தி அதிகம். கல்லூரியில் ஆய்வுக் கட்டுரைகளை எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுத்தபோது கோயிலுக்குள் நுழைந்ததுபோல இருந்தது. எத்தனை பேரைப் பார்த்தார்கள், யாரையெல்லாம் விட்டுவிட்டார்கள், எந்த மருந்து யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்களா, கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் விஷயம் தெரியாமல் பார்த்துக்கொண்டார்களா என்றெல்லாம் கேட்கவேண்டும். தனி ஒருவருடைய ஆசையோ பயமோ முடிவுக்குள் நுழையாமல் இத்தனை கதவுகளா என்று வியந்தேன். எங்கள் வீட்டில் கொல்லைப்புறத்துக்குக் கதவே கிடையாது.

அப்பாவுக்கு இந்தக் கதவுகளோடு தகராறு வந்தது பழனியால்.

நான் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருடம், அப்பா யாரையும் கேட்காமல் பழனி முருகனோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார். மகன் டாக்டரானால் தைப்பூசத்துக்குச் செருப்பில்லாமல் நடந்தே வருகிறேன். நான் ராப்பகலாக உட்கார்ந்து படித்தது இந்த ஒப்பந்தத்தில் எந்த இடத்திலும் வரவில்லை. நான் படித்து முடித்துப் பட்டம் வாங்கி வந்தபோது முருகன் தன் பங்கை முடித்துவிட்டார் என்று ஆயிற்று. இடையில் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி வந்து, சில வருடங்கள் யாருக்கும் தெரியாமல் இருந்து, பிறகு தெரிந்து, அவருக்கு மட்டும் ஒரு பொருட்டாகத் தெரியாமலே இருந்துவந்தது.

தை பிறப்பதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நான் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் ரோட்டை ஒட்டி, கத்தரியும் தக்காளியும் போடுகிற காடுகளுக்கு நடுவில் இருக்கிறது. கொல்லையில் வெந்நீர் அடுப்புப் பக்கத்தில் நின்று அப்பா என்னோடு பேசிக்கொண்டிருந்தார். கருகுகிற வாடை வந்தது.

"ஏதோ தீயிற வாட வருதுப்பா."

"உங்கம்மா வெஞ்சனத்த அடுப்புல வச்சுட்டு எங்கயாச்சும் போயிருப்பா."

அம்மா உள்ளேயிருந்து வந்து, கீழே பார்த்து, "அய்யோ, கால எடுங்க!" என்று கத்தி, அவரைப் பிடித்துத் தள்ளினாள். அடுப்பிலிருந்து உருண்டு வந்த கங்கின்மேல் குதிகாலை வைத்துக்கொண்டு அவர் தக்காளி விலையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

சின்னப் புண்தான். ஆனால் அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "நெருப்பே சுடல, பாத்தியா? முருகன் இப்பவே கால ரெடி பண்ணிட்டான்."

"அது அருள் இல்லப்பா. சக்கரையால கால் நரம்பு மரத்துப்போச்சு."

"மரத்துப்போனா நல்லதுதானப்பு. வலிக்காம நடக்கலாம்."

இந்தத் தர்க்கத்துக்கு மருத்துவத்தில் மாற்று மருந்து கிடையாது. இருந்தும் நான் விடவில்லை. உணர்ச்சி போன கால் வெறும் தரையில் நடந்தால், சின்னக் காயம்கூடத் தெரியாமல் பெரிதாகும், சீழ் பிடிக்கும், காலையே எடுக்கவேண்டி வரலாம் என்றேன். நூறு சர்க்கரைக்காரர்களை எடுத்துக்கொண்டால் என்று ஆரம்பித்தேன்.

"எந்த ஊரு ஆளுங்க?"

"வெளிநாட்டுலயும் பாத்திருக்காங்க, நம்ம நாட்டுலயும் பாத்திருக்காங்க."

"வெளிநாட்டுக்காரன் பொறந்ததுலருந்து ஷூ போட்டவன். அவன் காலும் என் காலும் ஒண்ணா? சரி, அந்த நூறு பேர்ல நான் எத்தனாவது ஆளு?"

"அதச் சொல்ல முடியாதுப்பா."

"ஏலே, யாருன்னே தெரியாத நூறு பேரப் பத்தித் தெரியுது, பெத்த அப்பனப் பத்திச் சொல்ல முடியாதா? ஒட்டஞ்சத்திரம் மார்க்கெட்டுல யாவாரி மூட்டைக்குள்ள கைய விட்டு ரெண்டு காய எடுத்துப் பாப்பான். அவன் கை வைக்கிற எடத்துல நாங்க நல்ல காயா அடுக்கியிருப்போம். ஒனக்குக் காமிச்ச மூட்டையில அடியில என்ன கெடக்குன்னு நீ பாத்தியா?"

கல்லூரியில் ஒரு வகுப்பு முழுக்க இதைத்தான் நடத்தினார்கள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்தார்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். என்னைப் பயமுறுத்தியது எந்த ஆய்வும் இல்லை. பயிற்சி மருத்துவராக அறுவை சிகிச்சை வார்டில் இருந்தபோது ஒரு இளநீர் வியாபாரி வந்தார். பாதத்தைத் துண்டால் சுற்றியிருந்தார். என்ன பண்ணுது என்று கேட்டதற்கு, "வலியெல்லாம் ஒண்ணுமில்லீங்க, வாடைதான் வருது" என்றார். முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியிருந்தது. நூறு பேர், ஆயிரம் பேர் என்று நான் வாய் திறக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் வந்து நின்றது அந்த ஒரே ஒரு ஆள்தான். வார்த்தை மட்டும் ஆராய்ச்சியிலிருந்து, நடுக்கம் அவரிடமிருந்து.

அடுத்த வாரம் சோதனைக் கருவியோடு ஊருக்குப் போனேன். பெரிய கருவி இல்லை. தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழை, ஒரு பிடியில் பொருத்தியிருக்கும். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பாதத்தில் அங்கங்கே இழை வளையும் அளவுக்கு அழுத்துவோம். பட்டது தெரிந்தால் 'ஆமா' என்று சொல்லவேண்டும். அப்பா கயிற்றுக் கட்டிலில் கால் நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஆமா," என்றார். "ஆமா. ஆமா. ஆமா."

கதை கேட்பவர் 'ம்' கொட்டுவதுபோல ஒரே சீராக வந்தது. எனக்குச் சந்தேகம் வந்து, இழையைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஆமா. ஆமா."

"அப்பா, நான் இப்பத் தொடவே இல்ல."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "தொடப்போறன்னு தெரியும்ல. அதான் முன்கூட்டியே சொன்னேன்."

வாழ்க்கையில் அவர் எழுதிய முதல் பரீட்சை அது. எழுதி முடித்துவிட்டு அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்: "எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன். பாஸான்னு உம் மகன்கிட்டக் கேளு."

நான் ஃபெயில் என்று சொன்னதும், மேல்முறையீட்டுக்குப் பெரிய டாக்டரிடம் போவோம் என்றார். "அவரு ஊசி போடுறவரு. அவருக்குத் தெரியும்."

அப்பா மாடிப் படிகளைக் கம்பியே பிடிக்காமல் ஏறினார். அதுவும் தன் கட்சிக்குச் சாட்சி என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தார். பெரிய டாக்டரைப் பற்றி நான் என்ன கிண்டல் செய்தாலும், அவர் குனிந்து கால் பார்க்கிறவர். விரல் இடுக்கெல்லாம் விரித்துப் பார்த்தார். நாடி பிடித்தார். குதிகால் புண் காய்ந்து வருவதைத் தடவிப் பார்த்தார்.

"ரத்த ஓட்டம் நல்லாருக்கு. நடக்கட்டும் தம்பி. என் அனுபவத்துல எத்தனையோ சக்கரை ஆளுங்க வெறுங்காலோட பழனி போயிட்டு வந்து, இதே பெஞ்சுல உக்காந்து எனக்குப் பஞ்சாமிர்தம் குடுத்திருக்காங்க. ஒருத்தர்கூட வந்து, சார், கால் போச்சுன்னு நின்னதில்ல."

அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெற்றிகரமாக இறங்கினார். ஒவ்வொரு படியாக அந்தக் கால்கள் இறங்குவதை மேலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் உறைத்தது. உள்ளே போனேன்.

"சார், கால் போனவங்க எப்படி சார் இந்த மாடி ஏறி வந்து நிப்பாங்க?"

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா ஒரு கணம் நின்றது. "லிஃப்ட் போடச் சொல்றியா? பில்டிங் ஓனர் விடமாட்டான் தம்பி," என்றார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

அவரை மடக்கிவிட்ட சந்தோஷம் எனக்கு அன்று மத்தியானம்வரைதான் இருந்தது. சாப்பிடும்போது இன்னொன்று தோன்றியது. நான் மட்டும் யாரைப் பார்த்தேன்? கால் போனவர்கள் எல்லோரும் வந்து படுக்கிற வார்டில் போய் நின்றுகொண்டு, கால் போகிறது கால் போகிறது என்று நடுங்கினேன். நடந்து போய்விட்டு வந்து, கால் கழுவி, சாப்பிட்டுத் தூங்கியவர் எவராவது அந்த வார்டுக்கு வந்து, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டுப் போவாரா? பெரிய டாக்டர் மாடி ஏறி வந்தவர்களைப் பார்த்தார். நான் ஏற முடியாதவர்களைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருடைய அனுபவமும் உண்மை. இரண்டும் பாதி. இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்து எண்ணிப் பார்க்கத்தான் ஆராய்ச்சி என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஆராய்ச்சியை அப்பா, அடியில் என்ன கிடக்கிறதென்று தெரியாத மூட்டை என்று சொல்லித் தள்ளிவிட்டார்.

"மனுசன் பேசி இது முடியாது," என்றாள் அம்மா. "பூக் கேட்டுருவோம்."

பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் பெரிய காரியங்களுக்கெல்லாம் உண்டு. பெண் எடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று சாமியிடம் கேட்கவேண்டுமானால், ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து, வெளியே தெரியாமல் நூலால் கட்டி, சாமி காலடியில் வைப்பார்கள். கேட்டவர் ஒன்றை எடுப்பார். எந்தப் பூ வருகிறதோ அது சாமி சொன்னது. வெள்ளை வந்தால் காலுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு நடப்பது, சிவப்பு வந்தால் வெறுங்கால் என்று அம்மா வைத்தாள். அப்பா உடனே ஒத்துக்கொண்டார்.

நான் ஆடிப்போனேன். சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதை இத்தனை வருடம் கைகூப்பிக் கும்பிட்டவன்தான். ஆனால் சீட்டில் ஏறியிருப்பது சொந்த அப்பாவின் கால் என்றதும் அந்த முறையின் அழகு எனக்குக் கொஞ்சமும் தெரியவில்லை. ஊர் மாரியம்மன் கோயிலில் பூசாரி இரண்டு பொட்டலத்தையும் தட்டில் போட்டுக் குலுக்கியபோது, ஆராய்ச்சியில் நம்பிக்கையுள்ள டாக்டரான நான், தாயே, வெள்ளை, வெள்ளை என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

அப்பா ஒன்றை எடுத்தார். பூசாரி பிரித்தார். நந்தியாவட்டை, பளிச்சென்று வெள்ளையாக.

"சரி," என்றார் அப்பா. அவ்வளவுதான். எத்தனையோ பேர் எத்தனையோ வருடம் பாடுபட்டுக் கண்டுபிடித்துச் சொன்னதைக் கேட்காதவர், கொல்லையில் பூத்த ஒரு பூ சொன்னதும் வாயைத் திறக்கவில்லை. மற்ற பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது என்பது வழக்கம். அம்மா அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சாயங்காலம் அவள் தலையில் ஒரு நந்தியாவட்டை இருந்தது.

நான் பூவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "என்னத்தப் பாக்குற?"

"ரெண்டுமே வெள்ளையாம்மா?"

"மெதுவாப் பேசு."

"இது மோசடிம்மா. சாமியவே ஏமாத்திருக்க."

"எவடா ஏமாத்துனா? நான் பொட்டலம் கட்டும்போது சாமி பாத்துக்கிட்டுத்தான இருந்துச்சு? புடிக்கலன்னா அப்பவே தடுத்திருக்கும்ல?"

நோயாளிக்குத் தெரியாமல் அவர் விஷயத்தில் முடிவெடுக்கக் கூடாது என்று படித்தவன் நான். அந்தப் படிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் அகலமான கேன்வாஸ் ஷூவும் வெள்ளை சாக்ஸும் வாங்கினேன். வெள்ளை எதற்கென்றால், ரத்தம் கசிந்தால் வலி சொல்லாததைத் துணி சொல்லும். ரப்பர் செருப்பைத் தவிர எதையும் மாட்டியறியாத அப்பா, பச்சை வேட்டிக்குக் கீழே வெள்ளை சாக்ஸும் ஷூவுமாக வந்து நின்றபோது, கூட நடக்க வந்த ஊர்க்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னண்ணே, ஸ்கூல் மணி அடிச்சிருச்சா? டிபன் பாக்ஸ் எங்க?"

"எம் மகன் ரப்பர் செருப்போட போய் டாக்டரானான். நான் ஷூ போட்டுப் போறேன், கலெக்டராத்தான் வருவேன்," என்றார் அப்பா.

அம்மா பஸ்ஸில் வந்து பழனியில் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. நான் லீவு போட்டுவிட்டு, பஞ்சும் துணியும் மருந்துமாக ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தேன். முதலில் தங்கிய இடத்தில் அப்பா சொல்லாமலே தனியாகப் போய், ஷூவைக் கழற்றி, காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார். கீறல்கூட இல்லை. இவ்வளவு ஒத்துழைக்கிற நோயாளி எந்த டாக்டருக்குக் கிடைப்பார் என்று நெகிழ்ந்துபோனேன்.

பக்கத்தில் ஒருவர் பாதத்தில் வந்த கொப்புளத்தில் ஊசி நூலைக் கோத்து, நூலை உள்ளேயே விட்டுக்கொண்டிருந்தார். நீர் நூல் வழியாக வடிந்துவிடும், தோலும் உரியாது என்பது நடைபயணக்காரர்களின் கைவைத்தியம். "இது செய்யலாமா டாக்டரு?" என்று என்னைக் கேட்டார். புண்ணில் சீழ் பிடிக்க வாய்ப்பு உண்டு என்று எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. யாராவது ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா என்று யோசித்தேன்.

"தெரியலண்ணே," என்றேன்.

அவர் அப்பா பக்கம் திரும்பினார். "நெசமாவே டாக்டருதானா?"

அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "இப்பத்தான முடிச்சிருக்கான்," என்றார்.

ஒட்டன்சத்திரம் போய்ச் சேர்ந்து, அன்னதானப் பந்தலில் உட்கார்ந்தபோதுதான் நான் பார்த்தேன். வலது ஷூவின் விளிம்புக்கு மேலே தெரிந்த சாக்ஸ் வெள்ளையாக இல்லை. அப்பா காலைக் கழுவி வருகிறேன் என்று எழுந்தார். நான் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"சாமி காரியத்துல கால நோண்டாத, விடு."

விடவில்லை. ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தேன். ஒரு கைப்பிடி செம்மண் கொட்டியது. சாக்ஸின் அடிப்பாகம் கட்டைவிரலுக்குக் கீழே சிவந்து நனைந்திருந்தது. உரித்துப் பார்த்தால் தோல் கிழிந்து, குழிபோல ஒரு புண்.

"என்னப்பா இது?"

"மண்ணு."

"மண்ணுன்னு தெரியுது. ஷூவுக்குள்ள எப்படி வந்துச்சு?"

"நம்ம காட்டு மண்ணு. மிதிச்சுக்கிட்டே போனா வெறுங்கால்ல போன மாதிரிதான?"

"சாமிதான் வெள்ளப் பூக் குடுத்துச்சே!"

"எந்தச் சாமி? உங்கம்மாவா? ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையத்தான் வச்சிருப்பா. இம்புட்டு வருசமா அவகூடக் குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுக்கிட்டேவா சரின்னீங்க?"

"பூசாரி முன்னாடி அவ மானம் போகணுமாக்கும்?"

நான் கொட்டிய மண்ணைக் கிளறினேன். பட்டாணி அளவில் ஒரு சுக்காங்கல் கிடைத்தது. முனை கூர்மையாக இருந்தது. நான் வாங்கிக்கொடுத்த ஷூவுக்குள், அவர் போட்ட மண்ணுக்குள், அது எங்கிருந்து குத்திக்கொண்டு வந்ததோ. முதல் இடத்தில் காலைப் பார்த்த நான் ஷூவுக்குள் கை விட்டுப் பார்க்கவில்லை. அவர் கழுவிக் காட்டிவிட்டு, திரும்பிப் போய் அதே மண்ணின்மேல் காலை வைத்து மாட்டியிருக்கிறார்.

அப்பா கல்லை என் கையிலிருந்து வாங்கினார். உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். முகம் சுளித்தார். பிறகு இடது காலை மடக்கி, அடிப்பாதத்தில் அதே கல்லை வைத்து அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னும் அழுத்தினார். மறுபடி கையில். மறுபடி காலில். பந்தலில் சாம்பார் வாளியோடு வந்தவர் இலை போடச் சொல்லவா என்று கேட்டார்.

"கையில குத்துது," என்றார்.

"ம்."

"கால்ல குத்தல."

நான் புண்ணைக் கழுவினேன். மருந்து வைத்துக் கட்டினேன்.

"இதோட நடந்தா என்ன ஆகும்?"

நிச்சயமாகக் கால் போய்விடும் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவர் நம்பியிருப்பார். "தெரியலப்பா. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ஆனா என் அப்பாவா இருந்தா நான் நடக்க விடமாட்டேன்," என்றேன்.

"ஏலே, நாந்தான உங்கப்பன்."

"அதான் சொல்றேன்."

அவர் கல்லைத் தூர எறிந்தார். "பழனியில போய் என்னன்னு சொல்றது? பாதி வழி வந்தேன், மிச்சத்துக்கு டிக்கெட் எடுத்தேன்னா?"

நான் என் ஷூவைக் கழற்றி, கயிற்றை முடிந்து, அவர் தோளில் போட்டேன். "ஒப்பந்தம் என்னப் பத்தினதுதான. மிச்சத்த நான் நடக்குறேன்."

"வெறுங்கால்லயா? ஒன் ஆராய்ச்சி ஒத்துக்குமா?"

"எனக்குச் சக்கரை இல்லப்பா."

அவரை பஸ் ஏற்றிவிட்டு நடந்தேன். ஆட்டோவிலும் பஸ்ஸிலும் மாடிக் கிளினிக்கிலும் மெத்தென்றாகிவிட்ட பாதங்கள் என்னுடையவை. ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் இடையில் நெடுஞ்சாலைக்காரர்கள் கொட்டிய ஒவ்வொரு ஜல்லியும் என்னிடம் தனித்தனியாக வந்து அறிமுகம் செய்துகொண்டது. வெயில் ஏறியதும் தார் பேச ஆரம்பித்தது. பக்திப் பாட்டுகளில் இதைப்பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. இரண்டு பாதத்திலும் கொப்புளம் வந்து நொண்ட ஆரம்பித்தபோது, அந்த ஊசி நூல்காரர் பின்னாலிருந்து வந்து என்னோடு சேர்ந்துகொண்டார்.

"கோத்து விடவா டாக்டரே?"

ஊசியையும் நூலையும் என் பையிலிருந்த ஸ்பிரிட்டில் நன்றாக நனைக்கச் சொல்லிவிட்டு, காலை நீட்டினேன். சுகமாகத்தான் இருந்தது. ஓர் ஆளுக்குச் சுகமாக இருந்ததை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். வலி குறைந்துகொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

பழனி அடிவாரத்தில், கட்டுப் போட்ட காலை அம்மா மடியில் நீட்டி, அப்பா ஒரு கடைவாசலில் உட்கார்ந்திருந்தார். நான் குதிகாலால் நடந்து வருவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?"

"உயிர் போகுதுப்பா."

"நல்லது," என்றார் அப்பா. "நரம்பு நல்லாருக்கு."

புண் ஆறுவதற்கு வெகுநாள் பிடித்தது. வாராவாரம் அவர் திண்டுக்கல்லுக்கு வந்தார். நான் கீழே பாத்திரக் கடையில் ஸ்டூல் போட்டு அங்கேயே கட்டு மாற்றினேன். கடைக்காரர் முதலில் முணுமுணுத்தார். பிறகு மாடி ஏற முடியாத இன்னும் இரண்டு பேர் அந்த நேரம் பார்த்து வர ஆரம்பித்ததும், ஸ்டூலை அவரே எடுத்துப் போட்டார். புண் மூடிய பிறகு அப்பா ஒருநாள் மாடி ஏறி, பெரிய டாக்டருக்குப் பஞ்சாமிர்தம் கொடுத்தார்.

"பாத்தியா தம்பி," என்று பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "இவரும் ஏறி வந்துட்டாரு."

அப்பா என்னைப் பார்த்தார். வழக்கத்துக்கு மாறாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கம்பி முடிந்த இடத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கீழே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே கைவிட்டுத் துழாவி ஓரமாக வைத்தார். அதை இப்போதெல்லாம் சொல்லாமலே செய்கிறார்.

"அந்தத் தூண்டில் நரம்ப எடு," என்றார்.

கண்ணை மூடிக்கொண்டார். நான் குதிகாலில் அழுத்தினேன். அவர் பேசவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே, புண் ஆறிய இடத்துக்குப் பக்கத்தில் அழுத்தினேன். பேசவில்லை. இழை வளைந்து நின்றது. மேலே கொஞ்சம் தள்ளி, கணுக்காலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஆமா," என்றார்.

மறுபடி பாதத்துக்கு வந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தார். பாத்திரக் கடையில் யாரோ ஒரு குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பத் தொடுறியா?"

"நீங்கதாம்ப்பா சொல்லணும்."

"தெரியல," என்றார். கண்ணைத் திறந்து, தன் காலில் வளைந்து நின்ற இழையைப் பார்த்தார். "தெரியலப்பு. இதுக்கு மார்க்கு உண்டா?"

"முழு மார்க்குப்பா," என்றேன்.